இரண்டு அவைகள்

நுழையும்முன்

தமிழக அரசியல் மேடைப்பேச்சால் வளர்ந்தது. பேசுவோரும் கேட்போரும் ஓரிடத்தில் கூடியிருந்த காலத்தில் ஒரு பேச்சுக்கு ஓர் அவையே இருந்தது. ஒலிவாங்கியும் ஒளிப்பதிவுக் கருவியும் வந்தபின், அதே பேச்சைக் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் அவையும் கேட்கத் தொடங்கியது. இவ்விரு அவைகளும் ஒரே பேச்சைத்தான் கேட்கின்றனவா? வேட்பாளர் ஒருவர் தம் ஆதரவாளரிடையே உணர்ச்சி பொங்கப் பேசிய பேச்சு, ஊடகத்தின் வழியே வேறொன்றாக மாறிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெரும்பாக்கத்தில் ஒரு மாலை

சென்னையின் தென்புறத்தில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்து, மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே அமைந்துள்ளது பெரும்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூர் இன்று அடுக்குமாடிகளின் ஊர். கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்குள்ள வாரியக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. பெரும்பாக்கத்தை உள்ளடக்கிய சோழிங்கநல்லூர்த் தொகுதி, 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டிலேயே மிகுதியான வாக்காளர்களைக் கொண்டிருந்தது. அவர்களின் எண்ணிக்கை ஆறு இலட்சத்துக்கும் மேல்.

தேர்தல் காலத்து மாலைப்பொழுது ஒன்றை அங்கே எண்ணிப் பார்ப்போம். வேட்பாளரின் திறந்த ஊர்தி, கட்டடங்களுக்கு நடுவே உள்ள தெருவில் வந்து நிற்கிறது. பறை அதிர்கிறது, வெடி வெடிக்கிறது, ஆரத்தித் தட்டுகளோடு பெண்கள் முன்வருகின்றனர். ஒலிபெருக்கியில் எழும் குரல் எதிரெதிரே நிற்கும் சுவர்களில் மோதித் திரும்பித் தன்னையே இடைமறிக்கிறது. மேல்தளத்துச் சாளரத்தில் நிற்பவருக்குச் சொற்கள் விளங்குவதில்லை. அதிர்வு மட்டும் வந்து சேர்கிறது. கீழே நிற்போருக்கு எல்லாம் விளங்குகிறது. பேருந்து போதவில்லை என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். வேட்பாளர் அவர் பக்கம் திரும்பி மறுமொழி சொல்கிறார். கைதட்டல் எழுகிறது, அதை மீறிக் கேட்பதற்காக அவர் குரலை உயர்த்துகிறார், கைதட்டலும் உயர்கிறது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. அந்நேரத்துக்குப்பின் கூப்பிய கையோடு, ஒரு சொல்லும் பேசாமல் தெருத்தெருவாகச் செல்லும் வேட்பாளர்களையும் ஒவ்வொரு தேர்தலிலும் காணலாம்.

மறுநாள் காலையில் அப்பேச்சு கைபேசியில் வருகிறது. பதினைந்து நொடி. ஒரு முகம், ஒரு குரல், நரம்பு புடைத்த கழுத்து. பேருந்து கேட்டவர் அதில் இல்லை, கைதட்டியவர்கள் இல்லை, மறுமொழி மட்டும் இருக்கிறது. கேள்வியைப் பிரிந்த மறுமொழி எப்போதும் சற்று விந்தையாகவே ஒலிக்கும். முந்தைய நாள் கீழே நின்று கேட்டவருக்கும் இன்று கைபேசியில் காண்பவருக்கும் இடையே வழக்கு ஒன்று எழுந்தால், இருவருமே தாம் கேட்டதைத்தான் சொல்வர். ஆயினும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பொய்யாகத் தோன்றும்.

அவையறிதல்

இதே பெரும்பாக்கத்தில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. அதன் புதிய கட்டடம் 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. அந்நிறுவனம் தன் ஆய்வுக்குரியனவாகக் கொண்டுள்ள 41 செவ்வியல் நூல்களுள் ஒன்று திருக்குறள். அதில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அத்துடன் அமையவில்லை. அமைச்சியலின் இறுதியில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். சொல்லின் ஆற்றல் சொல்லுவோரிடம் மட்டும் இல்லை. கேட்போரின் இயல்பை அறிந்து சொல்லும்போதுதான் அது சொல்லாகிறது என்னும் எண்ணமே இவ்வைப்புமுறைக்கு அடிப்படை எனலாம்.

வள்ளுவர் கருதிய அவை கண்முன் அமர்ந்திருப்பது. முகக்குறிப்பால் அதன் உள்ளம் அறியலாம். சலித்தால் பேச்சைச் சுருக்கலாம், மகிழ்ந்தால் விரிக்கலாம். அவையிலிருந்து வெளியே செல்லும் பேச்சு, கேட்டவர் ஒருவர் தம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பேச்சாகவே இருந்தது. எடுத்துச் சொல்பவரைப் பொறுத்து அப்பேச்சின் ஊழ் அமையும் என்பதைத் தமிழகம் கசப்பாகவே கற்றுக்கொண்டது.

தெரிந்து தெளிவோம்

1908ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆற்றிய மேடைப்பேச்சுகளைக் காவல்துறையினர் குறிப்பெடுத்தனர். அக்குறிப்புகள் அரசத்துரோக வழக்கில் சான்றுகளாயின. தமிழில் பேசப்பட்டவை ஆங்கிலத்தில் எடைபோடப்பட்டன. நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரண்டு குற்றங்களுக்காக மொத்தம் நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

காவலரின் எழுதுகோலில் பிழையும் விருப்பு வெறுப்பும் இருக்கக்கூடும் என்று அன்றே எவரும் வாதிட முடிந்தது. ஒலிவாங்கிக்கு அத்தகைய உள்நோக்கம் எதுவும் இல்லை. அது கேட்டதை அப்படியே பதிகிறது. ஆகவே இயந்திரம் தருவது முழு உண்மை என்று நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை அமெரிக்காவில் ஓர் இரவில் நடந்த நிகழ்ச்சி காட்டியது.

அயோவாவில் ஓர் இரவு

அமெரிக்காவில் குடியரசுத்தலைவர் தேர்தலுக்கு முன், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் வாக்கெடுப்பு நடத்துகிறது. நெடுங்காலமாக அந்த வரிசையில் முதலிடம் பெற்றிருந்தது அயோவா என்னும் வேளாண் மாநிலம். அங்குள்ளோர் பள்ளிக்கூடங்களிலும் பொதுமண்டபங்களிலும் கூடி, தமக்கு உகந்தவரைத் தேர்ந்தெடுப்பர். 'காக்கஸ்' எனப்படும் அக்கூட்டங்களின் முடிவு, பிற மாநிலங்களின் மனப்போக்கையும் பாதிக்கக்கூடியது.

2004ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியின் சார்பில் களத்தில் நின்றவர்களுள் ஒருவர் ஹோவர்டு டீன். மருத்துவர், வெர்மான்ட் என்னும் சிறு மாநிலத்தின் ஆளுநராக 1991 முதல் 2003 வரை இருந்தவர். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர்.) ஈராக் போரை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். பெருஞ்செல்வர்களை நம்பாமல், இணையத்தின் வழியே எளிய மக்கள் அளித்த சிறு தொகைகளைத் திரட்டித் தேர்தல் செலவைச் செய்தார்; அக்காலத்தில் அது புதுமை. 2003ஆம் ஆண்டின் இறுதியில் கருத்துக்கணிப்புகளில் அவரே முன்னணியில் இருந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் செம்மஞ்சள் தொப்பி அணிந்து, கடும்பனிக்காலத்தில் அயோவாவின் வீடுவீடாகச் சென்று அவருக்காக ஆதரவு கேட்டனர்.

2004 ஜனவரி 19, திங்கட்கிழமை. முடிவுகள் வெளிவந்தன. ஜான் கெர்ரி ஏறத்தாழ 38 விழுக்காடு பெற்று முதலிடத்திலும், ஜான் எட்வர்ட்ஸ் 32 விழுக்காடு பெற்று இரண்டாமிடத்திலும் இருந்தனர். டீன் 18 விழுக்காட்டுடன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். வெஸ்ட் டெஸ் மாய்ன்ஸ் என்னும் ஊரின் 'வால் ஏர்' நடன அரங்கில் ஏறக்குறைய 3,500 ஆதரவாளர்கள் திரண்டிருந்தனர். பலர் அழுதவண்ணம் இருந்தனர். அவர்களைத் தேற்ற வேண்டிய கடமை தோற்றவரிடமே வந்து சேர்ந்தது.

டீன் மேடையேறினார். மேலங்கியைக் கழற்றினார், சட்டையின் கையை மடித்துவிட்டார். ஒரு மாநிலத்தில் தோற்றால் என்ன, இன்னும் எத்தனையோ மாநிலங்கள் உள்ளன என்னும் பொருள்பட, அடுத்தடுத்து வாக்கெடுப்பு நிகழவிருந்த மாநிலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் அரங்கம் ஆரவாரித்தது. கூட்டத்தினரும் தத்தம் மாநிலத்தின் பெயரைக் கூவினர். பெயர்கள் அடுக்க அடுக்கக் குரல் ஏறியது. இறுதியில் தலைநகரையும் வெள்ளை மாளிகையையும் சொல்லி, ஆர்ப்பரிப்பொலி ஒன்றை எழுப்பிக் கையை வீசினார். பல வாரப் பரப்புரையில் தொண்டை ஏற்கெனவே கம்மியிருந்தது. அவ்வொலி உடைந்து, பிளிறலாக வெளிப்பட்டது.

நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களில் பழகியவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஊர்ப் பெயர்களை அடுக்கிச் சொல்லிக் கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்வது இங்கே அன்றாட உத்தி. அன்று அந்த அரங்கில் இருந்த செய்தியாளர் பலருக்கும்கூட அது வழக்கமான தேர்தல் பேச்சாகவே பட்டதாகப் பின்னர்க் கூறினர்.

ஒலிவாங்கியின் செவி

அப்படியானால் நாடு முழுவதும் கேட்டது எது? இங்கே சற்று அறிவியல் தேவைப்படுகிறது.

டீன் கையில் இருந்தது ஒருதிசை ஒலிவாங்கி. தன் முகப்புக்கு நேரே, மிக அருகில் எழும் ஒலியை மட்டும் கூர்மையாகப் பற்றிக்கொண்டு, பக்கங்களிலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒலியைப் பெரிதும் விலக்குமாறு அமைக்கப்பட்ட கருவி அது. பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்பதற்கும், ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து 'கீச்' என்று இரைவதைத் தடுப்பதற்கும் அவ்வமைப்பு உதவுகிறது. நம் ஊர் 'மைக்செட்' வைப்போரும் இதை நன்கு அறிவர். ஆனால் அன்று அந்த ஒலிவாங்கியின் ஒலியே நேரடியாகத் தொலைக்காட்சிகளுக்கும் சென்றது. 3,500 பேரின் ஆரவாரம் வடிகட்டப்பட்டது. எஞ்சியது ஒற்றைக் குரல்.

மாந்தக் காது இப்படி வேலை செய்வதில்லை. அரங்கில் இருப்பவர் இரைச்சலையும் குரலையும் சேர்த்தே கேட்கிறார். இரைச்சலுக்கு ஏற்பக் குரல் உயர்ந்திருப்பதை அவர் மனம் தானாகவே ஈடுசெய்துகொள்கிறது. பேசுபவரின் நிலையும் அத்தகையதே. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகின்றனர். எத்தியென் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார். அதனால் இது 'லொம்பார் விளைவு' எனப்படுகிறது. ஓடும் பேருந்தில் உரக்கப் பேசிக்கொண்டு வருபவர், பொறி அணைந்தவுடன் தம் குரல் தனித்து ஒலிப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்துவதை எவரும் கண்டிருக்கலாம். பேருந்து நின்றதால் அவர் குரல் மாறிவிடவில்லை. அதற்குக் காரணமான இரைச்சல்தான் மறைந்தது. டீனுக்கு நேர்ந்ததும் அதுவே. அவரைச் சூழ்ந்திருந்த இரைச்சலை ஒலிவாங்கி அணைத்துவிட்டது. இல்லத்தின் அமைதியில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவருக்கு, காரணமே இன்றி ஒருவர் தனியே நின்று கத்துவதாகத் தோன்றியது.

ஒளிப்பதிவும் அதற்குத் துணைசெய்தது. அண்மைக் காட்சியில் முகம் திரையை நிறைத்தது. சிவந்த முகமும் விரிந்த கண்ணும் தெரிந்தன. அவை எவரை நோக்கின என்பது தெரியவில்லை.

633 முறை

அத்துடன் முடிந்திருந்தால், கண்டவர் சிலர் நகைத்து மறந்திருப்பர். ஆனால் அடுத்த நான்கு நாள்களில் அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சிகள் அச்சில நொடிகளை 633 முறை ஒளிபரப்பியதாக அரசியல் செய்தியிதழ் ஒன்று கணக்கிட்டது. உள்ளூர்த் தொலைக்காட்சிகள் இக்கணக்கில் அடங்கா. நகைச்சுவை நிகழ்ச்சிகள் அதை எடுத்துக்கொண்டன; இசையோடு கலந்து பாட்டாக்கினர் சிலர். அந்நாள் மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாக விடுமுறை விடப்பட்ட நாளாகவும் அமைந்துவிட்டது. கிங்கின் புகழ்பெற்ற உரையின் பெயரைத் திரித்து இவ்வொலிக்கு ஒரு கேலிப்பெயர் சூட்டினர். டீனும் சில நாள்களில் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றித் தம்மைத் தாமே நகையாடிக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்?

மீண்டும் மீண்டும் காட்டுதல் என்பது தனக்கெனப் பொருள் உடையது. ஒருமுறை காட்டினால் அது செய்தி. நூறுமுறை காட்டினால், 'இவர் இப்படிப்பட்டவர்' என்னும் முடிவை எவரும் வாய்திறந்து சொல்லாமலே சொல்லிவிடுவதாகும். டீன் சினம் மிக்கவர், நிதானமற்றவர் என்ற பேச்சு முன்பே ஊடகங்களில் உலவி வந்தது. முன்பே எழுதிவைத்த கதைக்குப் பொருத்தமான படம் அன்றிரவு கிடைத்தது. நடந்ததில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்தப் பொருத்தம்தான். புதிதாக ஒன்றை அறிவிப்பதைவிட, அறிந்ததாக எண்ணியிருந்ததை உறுதிசெய்யவே அத்துணுக்கு பயன்பட்டது.

சில நாள்கள் கழிந்தபின் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் டயேன் சாயர், கூட்டத்தின் நடுவே பதிவான ஒலியையும் படத்தையும் திரட்டி ஒளிபரப்பினார். அவற்றில் ஆரவாரமே மேலோங்கியிருந்தது. டீனின் குரல் அதில் ஏறத்தாழ அமிழ்ந்துபோயிருந்தது. நாடே கேட்ட அந்தப் பிளிறலை, அரங்கின் பின்வரிசையில் நின்றவர் கேட்டிருக்கவே முடியாது! தொலைக்காட்சி நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் சிலர், அளவுக்கு மீறி ஒளிபரப்பிவிட்டதை ஒப்புக்கொண்டனர். ஆனால் திருத்தம், பிழை சென்ற இடமெல்லாம் செல்லவில்லை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 'அந்த ஒரு கூச்சலால் தேர்தலில் தோற்றவர்' என்று டீனைப் பற்றி இன்றும் கூறுவோர் உளர். கால வரிசையே அதை மறுக்கிறது. அயோவாவில் அவர் தோற்றது அப்பேச்சுக்கு முன். தோற்றதால்தான் அப்பேச்சையே பேச நேர்ந்தது. அடுத்த வாரம் நியூ ஹாம்ப்சயரில் இரண்டாமிடம் பெற்றார். பிப்ரவரி 17இல் விஸ்கான்சினிலும் தோற்றபின் மறுநாள் விலகினார். அயோவாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர் ஆதரவு சரியத் தொடங்கியிருந்தது. கெர்ரியின் அனுபவம், எட்வர்ட்ஸின் இனிய பேச்சு, போட்டியாளரிடையே நிகழ்ந்த கடும் பூசல் என அதற்குக் காரணங்கள் பல. துணுக்கு அவரைத் தோற்கடிக்கவில்லை. தோல்விக்கான காரணங்களை மறக்கச் செய்து, தன்னையே காரணமாக நினைவில் நிறுத்தியது. பின்னர் 2005 முதல் 2009 வரை அவர் தம் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக இருந்து, ஐம்பது மாநிலங்களிலும் கட்சியை வளர்க்கும் திட்டத்தை முன்னெடுத்தார். அதை அறிந்தவர் குறைவு. அப்பிளிறலை அறிந்தவரோ உலகெங்கும் உள்ளனர்.

டீனிடம் பிழையே இல்லையா? உண்டு. அன்று அவர்முன் இரண்டு அவைகள் இருந்தன: கண்முன் அழுதுகொண்டிருந்த 3,500 பேர், கருவிகளுக்கு அப்பால் இருந்த கோடிக்கணக்கானோர். முதல் அவையை அவர் அறிந்திருந்தார், அதற்குரியதைப் பேசினார். இரண்டாவதை மறந்தார். தலைமைப் பொறுப்பை நாடுபவர் அதை மறக்கலாகாது என்பது நேர்மையான குறைகூறலே. ஆனால் முதல் அவையை மறைத்துவிட்டு இரண்டாம் அவைக்குக் காட்டியவர்களின் பொறுப்பு அதனினும் பெரிது.

சிங்கமும் கோழியும்

அவ்வொலிக்கு ஆங்கில இதழ்கள் இட்ட பெயருக்கு நேரான தமிழ்ச்சொல் 'அலறல்'. அதையே 'முழக்கம்' என்றிருந்தால்?

பேசினார் என்பதைச் சொல்லத் தமிழ் இதழியலில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. முழங்கினார், சூளுரைத்தார், கர்ஜித்தார், கொதித்தார், ஆவேசப்பட்டார், சாடினார், விளாசினார், புலம்பினார், கூச்சலிட்டார், கொக்கரித்தார், உளறினார் எனப் பட்டியல் நீளும். ஒரே மேடை, ஒரே குரல், ஒரே உரப்பு. மாலையில் வரும் ஒரு நாளிதழில் அவர் முழங்குகிறார், மற்றொன்றில் கூச்சலிடுகிறார். முழங்குவது முரசும் கடலும் மேகமும். ஆகவே முழங்குபவருக்குப் பெருமிதம் வந்து சேர்கிறது. கர்ஜிப்பது சிங்கம். கொக்கரிப்பது கோழி. வேட்பாளரைச் சிங்கமாக்குவதும் கோழியாக்குவதும் தலைப்பு எழுதுபவரின் கையில் உள்ளது. அவர் என்ன பேசினார் என்பது இரண்டிலும் இருக்காது என்பதே இதில் வேடிக்கை.

உணர்ச்சி மிக்க பேச்சைக் கருத்தற்ற பேச்சாக எண்ணுவதும் இவ்வினைச்சொற்களால் வளர்ந்த வழக்கமே. கருத்து உணர்ச்சியின்றி வரலாம். உணர்ச்சி கருத்தோடும் வரலாம். குடிநீருக்காகப் பேசுபவர் குரல் நடுங்கினால், செய்தியில் முதலில் இடம்பெற வேண்டியது குடிநீர்.

குரலற்ற படம்

டீனுக்கு நேர்ந்ததற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று பெரும்பாக்கத்துக்கு அருகிலேயே நிகழ்ந்துள்ளது. 1967 பொதுத்தேர்தலில், பெரும்பாக்கத்துக்கு வடமேற்கே உள்ள பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்றவர் எம்.ஜி.ஆர். அவ்வாண்டு ஜனவரி 12 அன்று, இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் நடிகர் எம்.ஆர்.இராதாவால் சுடப்பட்டு அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கழுத்தில் குண்டு பாய்ந்ததால் பேச முடியாத நிலை. வாக்குக் கேட்டு ஒரு தெருவுக்கும் அவரால் செல்ல முடியவில்லை. கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த ஒளிப்படம் சுவரொட்டியாகி, அவர் செல்ல முடியாத தெருக்களுக்கெல்லாம் சென்றது. அவர் வெற்றி பெற்றார். குரல் முன்போல் மீளவில்லை. அந்த மாறிய குரலிலேயே பின்னாளில் முதலமைச்சராகவும் பேசினார்.

அயோவாவில் கூட்டமின்றிக் குரல் மட்டும் நாடெங்கும் சென்றது. பரங்கிமலையில் குரலின்றிப் படம் மட்டும் சென்றது. ஒன்று வேட்பாளரைச் சிறுமைப்படுத்தியது, மற்றொன்று பெருமைப்படுத்தியது. இரண்டிலும் மக்கள்முன் நின்றது வேட்பாளரின் ஒரு கூறே. ஊடகச் சித்திரிப்பு என்றால் கேலி செய்வது மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. போற்றும் படமும் எதையோ விட்டுவிட்டுத்தான் போற்றுகிறது.

ஒரு கூட்டம், பல திரைகள்

தொலைக்காட்சி வந்தபின் தமிழகத்தில் இச்சிக்கல் தனித்தன்மை பெற்றது. சன் (1993), ஜெயா (1999), மக்கள் (2006), கலைஞர் (2007), கேப்டன் (2010) என அரசியல் கட்சிகளோடோ அவற்றின் தலைவர் குடும்பங்களோடோ தொடர்புடைய தொலைக்காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒரே பொதுக்கூட்டம் ஒரு திரையில் மக்கள்கடலாகத் தெரியும். மற்றொரு திரையில் காலி நாற்காலிகளாகத் தெரியும். இரண்டு படங்களும் பொய்யல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கூட்டம் சேர்வதற்கு முன்னும் கலைந்த பின்னும் எந்த மைதானத்திலும் காலி நாற்காலிகள் உண்டு. எந்த மணிக்குப் படம் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் திரை சொல்வதில்லை.

இத்தகைய திரைகளுக்கிடையே பெரிதும் அலைக்கழிந்தவர் நடிகரும் அரசியல் தலைவருமான விஜயகாந்த். 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தேசிய முற்போக்குத் திராவிடக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே விருத்தாசலம் தொகுதியில் வென்றார். 2011இல் ரிஷிவந்தியத்தில் வென்று சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். திறந்த ஊர்தியில் நின்று, எழுதிவைத்ததைப் படிக்காமல், வீட்டில் பேசுவதுபோல் பேசுவது அவர் இயல்பு. கூட்டத்தைப் பார்த்துக் கடிந்துகொள்வார். அதே மூச்சில் சிரிப்பார். முன்னே நின்றவர்கள் அந்தக் கடிதலையும் உரிமையாகவே ஏற்றனர். அவர்கள் அறிந்த நாடகம் அது.

2016 தேர்தலை ஒட்டிய ஆண்டுகளில் அப்பேச்சுகளின் துண்டுகள் 'மீம்'களாகிக் கைபேசிதோறும் பரவின. சொல் தடுமாறிய நொடி, வாக்கியம் முடியாமல் நின்ற நொடி, சினந்த நொடி என அவை தனித்தனியே வெட்டப்பட்டன. உளுந்தூர்பேட்டையில் அவரும் தோற்றார். அவர் கட்சி ஓரிடத்தையும் பெறவில்லை. தோல்விக்குக் கூட்டணிக் கணக்கு உட்படக் காரணங்கள் வேறு பல உண்டு. துணுக்குகளின்மேல் முழுப்பழியையும் போடுவது, டீனைப் பற்றிய கட்டுக்கதையையே தமிழில் திரும்பச் சொல்வதாகும். ஆனால் அவர் நீண்ட நாள் உடல்நலிவுற்றிருந்தார், வெளிநாடு சென்று மருத்துவம் பெற்றார் என்னும் செய்திகள் பின்னர்த் தெரியவந்தபோது, முன்பு சிரித்த பலர் அத்துண்டுகளை வேறு கண்ணால் கண்டனர். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தார். சென்னையில் திரண்ட கூட்டம் பெரிது. அன்று முதல் அதே கைபேசிகளில் அவருடைய வேறு துண்டுகள் பரவின: உணவிட்டவை, உதவியவை, கண்கலங்கியவை. அவற்றையும் எவரோ வெட்டித்தான் அனுப்பினர்.

வெட்டுபவர் யார் என்பது இன்று மாறிவிட்டது. 2004இல் அத்தொழில் சில தொலைக்காட்சி நிலையங்களிடம் மட்டும் இருந்தது. இன்று அது பெரும்பாக்கத்து மாடிப்படியில் அமர்ந்திருக்கும் மாணவரிடமும் உண்டு. 1989 முதல் வாக்குரிமைக்கான வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. இப்பாடத்தைப் படிப்போர் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராவர். துணுக்கை வெட்டுவோராகவும் அனுப்புவோராகவும் பலர் ஏற்கெனவே ஆகியிருப்பர்.

இதைச் செய்து பார்க்கலாம். அடுத்த பள்ளி விளையாட்டு விழாவில் இரண்டு கைபேசிகளில் ஒரே நேரத்தில் ஒலிப்பதிவு தொடங்குங்கள். ஒன்றை அறிவிப்பாளரின் வாய்க்கு அருகில் வையுங்கள்; மற்றொன்றை ஓட்டப்பந்தயத்தைச் சூழ்ந்து நிற்கும் மாணவர் நடுவே ஒருவர் பிடித்திருக்கட்டும். இறுதிச் சுற்றின் பத்து நொடிகளை மட்டும் இரண்டிலிருந்தும் வெட்டி, விழாவுக்கு வராத ஒருவரிடம் அமைதியான அறையில் போட்டுக்காட்டுங்கள். முதல் பதிவில், அறிவிப்பாளருக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார். இரண்டாவதில், அறிவிப்பாளர் எங்கே என்று கேட்பார்.